பேரம் பேசக்கூடாத விலை

(பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. நற்செய்தி: மாற்கு 6:1-6. வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய நற்செய்தியில் இயேசு தம் சொந்த ஊருக்கு வருகிறார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் போதிக்கிறார். கேட்டவர்கள் முதலில் வியந்துபோகிறார்கள். அந்த வியப்பு அடங்குவதற்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, இவர் நம் ஊர்த் தச்சர்தானே, மரியாவின் மகன்தானே என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன போதித்தார் என்பதை மறந்துவிட்டு, எந்த வீட்டுப் பிள்ளை என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். உளியும் இழைப்புளியும் பிடித்த கைக்கு இவ்வளவு ஞானம் எங்கிருந்து வரும் என்பதுதான் அவர்கள் கேள்வி.

பெற்றோரின் தொழிலைச் சொல்லிப் பிள்ளையின் மதிப்பைக் குறைப்பது நாசரேத்தோடு முடிந்துபோன பழக்கமா? இல்லை. இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது நாசரேத்திலிருந்து வெகு தொலைவில், கடல் கடந்த ஒரு சந்தையில் நான் கேட்ட கதை.

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்தோனேசியாவில், சுமத்ரா தீவின் மேடான் நகருக்குத் திருப்பயணம் சென்றிருந்தேன். அந்நகரில் நம் அன்னை வேளாங்கண்ணிக்கு ஒரு திருத்தலம் உண்டு. தமிழரான இயேசு சபை அருள்பணியாளர் ஜேம்ஸ் பாரதபுத்ரா அவர்களின் முயற்சியால் எழுந்து, 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆலயம் அது. அங்கே என்னோடு முழந்தாளிட்டுச் செபித்தவர்களில் பலர் தமிழர் அல்லர். பத்தாக் இன மக்கள்.

பத்தாக் மக்களின் தாயகம் வட சுமத்ராவின் மலைநாடு. அங்கே தோபா என்ற மாபெரும் ஏரி இருக்கிறது. பண்டைக் காலத்தில் எரிமலை வெடித்து உண்டான ஏரி. அதன் நடுவே சமோசிர் என்ற தீவு. தோபா, கரோ, சிமலுங்குன், பாக்பாக், அங்கோலா, மண்டைலிங் என்று இம்மக்களில் பல பிரிவினர் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்த லூத்தரன் மறைப்பணியாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் இவர்களிடையே நற்செய்தி அறிவித்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் டச்சு நாட்டுக் கப்புச்சின் துறவியர் கத்தோலிக்க மறையைக் கொண்டுசென்றார்கள். இன்று மேடான் ஓர் உயர்மறைமாவட்டம்.

அவர்களுக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு, அன்பர்களே. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம். அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவினர் பொறித்தது அது. மலைநாட்டுக் கற்பூரமும் சாம்பிராணியும் அந்தத் துறையிலிருந்து கப்பலேறின. கரோ பிரிவின் செம்பிரிங் என்ற குலத்தில் சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி என்ற கிளைப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. சோழர், பாண்டியர், மலையாளர், பல்லவர் என்ற பெயர்களின் எதிரொலி அவை என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆகவே சந்தையும் வணிகமும் அவர்களையும் நம்மையும் ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கின்றன.

மேடானில் என்னை வரவேற்றுத் தங்கவைத்தவர் ஒரு கப்புச்சின் துறவி. அவரும் பத்தாக் இனத்தவர். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்கு அவர் என்னை எழுப்பி, "எங்கள் மக்களைப் பார்க்க வேண்டுமானால் இந்த நேரத்தில் பார்க்க வேண்டும்" என்று சந்தைக்கு அழைத்துச் சென்றார். கரோ மலைச்சரிவிலிருந்து இரவோடு இரவாக லாரிகள் வந்து நின்றிருந்தன. முட்டைக்கோஸ், கேரட், ஆரஞ்சு, மிளகாய் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. இறக்கியவற்றைப் பங்கு போட்டு, மூட்டை கட்டி, தலையிலும் தோளிலும் சுமந்து தங்கள் இடத்துக்குக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் பெண்கள். இத்தகைய சிறு வியாபாரிப் பெண்களை மேடானில் 'இனாங்-இனாங்' என்பார்கள். இனாங் என்றால் அம்மா. சந்தையே அம்மாக்களால் நிறைந்திருக்கிறது.

அங்கே ஒரு தாய். கருவாடு விற்பவர். தரையில் பலகை போட்டு, அதன்மேல் பலவகைக் கருவாட்டைக் குவித்து வைத்திருந்தார். துறவியைக் கண்டதும் எழுந்து வணங்கினார். உட்காரச் சொல்லி இரண்டு முக்காலிகளை நகர்த்திப் போட்டார். நான் வெளிநாட்டுக் குரு என்று தெரிந்ததும் பேச்சு பிள்ளைகளைப் பற்றித் திரும்பியது. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் மேல்நிலைப் பள்ளி மாணவி.

அந்நாட்டில் தேர்வு மதிப்பெண் அட்டையை வாங்கப் பெற்றோர்தாம் பள்ளிக்குச் செல்வார்கள். அந்த ஆண்டு அட்டை வாங்கும் நாளை மகள் தாயிடம் சொல்லவே இல்லை. தன் அத்தையை, அதாவது தந்தையின் அக்காவை, அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அத்தை ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவர். நல்ல உடையில் வருவார். விஷயம் ஒரு வாரம் கழித்துத்தான் தாய்க்குத் தெரிந்தது. "ஏன்டி என்னைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டதற்கு மகள் பதில் சொல்லவில்லை. தம்பிதான் சொல்லியிருக்கிறான்: "அம்மா வந்தால் கருவாட்டு வாசம் வருமென்று அக்கா பயந்தாள்."

அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? விடியும் முன்பே எழுந்து, மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்து, ஒவ்வொரு ரூபியாவாகச் சேர்த்துப் படிக்கவைத்த மகள், தாயின் வாசத்துக்கு வெட்கப்படுகிறாள். நாம் என்ன செய்திருப்போம்? கத்தியிருப்போம். "உனக்காகத்தானே இந்த நாற்றத்தில் கிடக்கிறேன்" என்று அழுதிருப்போம். அந்தத் தாயும் அதைத்தான் செய்தாராம். அப்படிச் செய்த இரவு தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். பிறகு அவர் சொன்ன ஒரு வார்த்தையைத் துறவி எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, நான் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

"சாமி, அவள் கருவாட்டுக்கு வெட்கப்படக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் இல்லை, என்னிடம்தான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து நான் அவளிடம் சொன்னது ஒன்றுதான். ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் என்னைப் போலச் சந்தையில்தான் உட்கார வேண்டும். பத்து வருசம் அதைச் சொன்னேன். அவள் அதை நம்பிவிட்டாள்."

அன்பர்களே, இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளையை உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு நாம் நம்மையே தாழ்த்துகிறோம். ஆனால் பிள்ளை நம்மிடமிருந்து பிறந்தது. நாம் மட்டமானவர்கள் என்றால், தானும் அந்த மட்டத்திலிருந்து வந்ததுதானே என்று அதன் உள்மனம் கணக்குப் போட்டுவிடுகிறது.

இந்தோனேசிய மொழியில் தன்மதிப்பு என்பதற்கு 'ஹர்கா டிரி' என்பார்கள். 'ஹர்கா' என்றால் விலை. 'டிரி' என்றால் தான். தன் விலை! சந்தையில் பிழைக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு பொருத்தமான சொல்! சந்தையில் எந்தப் பொருளின் விலையும் உறுதியில்லை. காலையில் ஒரு விலை, போணி ஆவதற்கு ஒரு விலை, மாலையில் வாடிப்போனால் ஒரு விலை. வாங்க வருகிறவர் எப்போதும் பொருளைக் குறை சொல்லித்தான் கேட்பார். "இது சின்னதாக இருக்கிறதே, அது நசுங்கியிருக்கிறதே, அடுத்த கடையில் குறைவாகத் தருகிறார்களே" என்பார். நாள் முழுவதும் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற தாயும் தந்தையும், களைப்பில், அதே பேச்சைப் பிள்ளையிடம் பேசிவிடுகிறார்கள். "நீ ஏன் இப்படி இருக்கிறாய், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்." அடுத்த கடை, அடுத்த வீடு. இரண்டும் பேரம்தானே?

இப்போது பத்தாக் மக்களின் பெருமையான சில வழக்கங்களைப் பார்ப்போம். நல்ல விதை அங்கேயே இருக்கிறது.

தோபா பத்தாக் மக்கள் வாழ்வின் இலட்சியமாக மூன்றைச் சொல்வார்கள். ஹகபெயோன், ஹமோராஓன், ஹசங்காப்போன். மக்கட்பேறு, செல்வம், மாண்பு. இவற்றில் செல்வம் எது என்று கேட்டால், பிள்ளைகள்தான் எங்கள் செல்வம் என்று பெற்றோர் சொல்வார்கள். வெறும் பேச்சில்லை. நிலத்தை விற்றும், கடன் வாங்கியும், சந்தையில் உட்கார்ந்தும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்புவார்கள். சந்தைக்காரரின் எளிய வீட்டிலும் சுவரில் பட்டமளிப்பு விழாப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும்.

இன்னொரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தலைப்பிள்ளைக்குப் பெயர் வைத்தபின், பெற்றோரை அவர்களுடைய சொந்தப் பெயரால் அழைக்க மாட்டார்கள். இன்னாரின் அப்பா, இன்னாரின் அம்மா என்று பிள்ளையின் பெயரால்தான் ஊர் அழைக்கும். பேரப்பிள்ளை பிறந்தால் இன்னாரின் தாத்தா, பாட்டி ஆகிவிடுவார்கள். நம் கிராமங்களிலும் இதைக் கேட்டிருக்கிறோம். பெற்றோர் பிள்ளைக்குப் பெயர் தருகிறார்கள். பிள்ளை பெற்றோருக்குப் பெயர் தருகிறது. எவ்வளவு அழகான கொடுக்கல் வாங்கல்!

ஆனால் இந்த அழகுக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பிள்ளை செல்வம் என்பது மெல்ல மெல்ல, பிள்ளை முதலீடு என்று மாறிவிடலாம். போட்ட பணத்துக்கு இலாபம் எதிர்பார்ப்பது வியாபாரிக்கு இயல்பு. மதிப்பெண் குறைந்தால் குடும்பத்தின் மாண்பே சரிந்ததுபோல் ஆகிவிடுகிறது. அப்போது அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை, தன் புத்தகப் பையோடு வீட்டாரின் பெயர், மானம், கடன் எல்லாவற்றையும் சேர்த்துச் சுமக்கிறது. பெண் பிள்ளை என்றால் சுமை இன்னும் கூடுகிறது. பத்தாக் மரபில் குலப்பெயர் தந்தை வழியாகவும் மகன் வழியாகவும்தான் தொடரும். அம்மா விடியும் முன்பே சந்தைக்குப் போய்விட்டால், தம்பி தங்கையை எழுப்பி, சோறாக்கி, பள்ளிக்கு அனுப்புவது மூத்த மகள்தான். அவள் செய்யும் வேலை கணக்கில் வராது. கணக்கில் வராத வேலையைச் செய்கிற பிள்ளை, தானே கணக்கில் வராதவள் என்று நினைக்கத் தொடங்கினால் அது யார் குற்றம்?

அறிஞர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மாரிஸ் ரோசன்பெர்க், லெனார்ட் பெர்லின் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1978ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குடும்பத்தின் சமூக நிலைக்கும் ஒருவரின் தன்மதிப்புக்கும் என்ன தொடர்பு என்று பார்த்தார்கள். பெரியவர்களிடம் தொடர்பு தெரிந்தது. வளரிளம் பருவத்தினரிடம் ஓரளவே தெரிந்தது. சிறு பிள்ளைகளிடமோ ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதாவது, ஏழை வீட்டில் பிறந்ததால் சிறு பிள்ளை தன்னைத் தாழ்வாக நினைப்பதில்லை. அம்மா அப்பா தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே அதற்குக் கண்ணாடி. தன் வீடு எளிய வீடு என்பது அவமானம் என்று அது பின்னால்தான் கற்றுக்கொள்கிறது. யாரோ கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த யாரோ நாமாக இருக்கக் கூடாது.

ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் என்ற உளவியலாளர், 10 முதல் 12 வயதுப் பள்ளிச் சிறுவர்களையும் அவர்களது வளர்ப்பையும் ஆராய்ந்து 1967ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நல்ல தன்மதிப்புள்ள பிள்ளைகளின் வீட்டில் மூன்று காரியங்கள் இருப்பதைக் கண்டார். ஒன்று, பிள்ளையை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல். இரண்டு, எது சரி, எது தவறு என்று தெளிவான எல்லை வைத்து, அதில் உறுதியாக நிற்றல். மூன்று, அந்த எல்லைக்குள் பிள்ளையின் பேச்சுக்கும் விருப்பத்துக்கும் மதிப்புக் கொடுத்தல்.

மூன்று என்றதும் எனக்குப் பத்தாக் மக்களின் அடுப்பு நினைவுக்கு வருகிறது. அவர்களுடைய சமூக ஒழுங்குக்கே 'தாலிஹான் நா தோலு' என்று பெயர். மூன்று அடுப்புக்கற்கள் என்று பொருள். பெண் கொடுத்தவர், ஒரே குலத்தவர், பெண் எடுத்தவர் என்ற மூன்று உறவுகள். பெண் கொடுத்தவரிடம் பணிவு, குலத்தவரிடம் கவனம், பெண் எடுத்தவரிடம் கனிவு. இந்த மூன்றும் மூன்று கற்கள்போலச் சமூகம் என்ற பானையைத் தாங்குகின்றன என்பார்கள். மூன்று கல் அடுப்பை நமக்கும் தெரியும். ஒரு கல் நகர்ந்தால் என்ன ஆகும்? பானை சாயும், சோறு நெருப்பில் விழும். பிள்ளை வளர்ப்பும் அப்படித்தான்.

முதல் கல், ஏற்றுக்கொள்ளுதல். யோர்தானில் இயேசு திருமுழுக்குப் பெற்ற வேளையை நினைத்துப் பாருங்கள். அப்போது அவர் ஒரு நோயாளியையும் குணமாக்கியிருக்கவில்லை, ஓர் அப்பத்தையும் பலுகச் செய்திருக்கவில்லை. இருந்தும் வானகத் தந்தை, இவர் என் அன்பு மகன், இவரால் நான் மகிழ்கிறேன் என்ற பொருளில் பேசுகிறார். மதிப்பெண் வருவதற்கு முன்பே பாராட்டு வந்துவிட்டது! பத்தாக் மக்களிடமும் இதற்கு ஒப்பான ஓர் அழகிய வழக்கம் உண்டு. மனிதருள் 'தொண்டி' என்ற உயிராற்றல் இருப்பதாகவும், அது தளர்ந்தால் ஆள் தளர்ந்துபோவார் என்றும் அவர்கள் கருதினார்கள். ஆகவே வாழ்வின் முக்கிய வேளைகளில் பெரியவர்கள் அரிசியை எடுத்துத் தலையில் இட்டு, உன் தொண்டி உறுதியாக இருக்கட்டும் என்று வாழ்த்துவார்கள். நாம் அட்சதை போடுவதுபோல. ஒருபக்கம் தலையில் அரிசி வைத்து உள்ளத்தை உறுதியாக்கிவிட்டு, மறுபக்கம் அதே தலையில் குட்டி, "உருப்படாதவனே" என்று சொல்லலாமா?

இரண்டாம் கல், எல்லை. பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோபா பத்தாக் மக்கள் உரத்த குரலில், ஒளிவுமறைவின்றிப் பேசுகிறவர்கள். அவர்கள் அன்பாகப் பேசினாலே புதியவருக்குச் சண்டைபோலக் கேட்கும். அந்த உரத்த குரலில் வஞ்சகம் இல்லை. குரலின் உயரம் பிள்ளையை உடைப்பதில்லை. குரலில் வருகிற சொல்தான் உடைக்கிறது. "நீ செய்தது தவறு" என்று சொல்வது வேலி. "நீயே தவறு" என்று சொல்வது வெட்டரிவாள். தூய பவுல் கொலோசை மக்களுக்கு எழுதும்போது, பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்ட வேண்டாம் என்று தந்தையரைக் கேட்டுக்கொண்டார். ஏன் தெரியுமா? அவர்கள் மனம் தளர்ந்துவிடக் கூடாதே என்றுதான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அந்தத் திருத்தூதர் பிள்ளையின் மனத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். தோபா ஏரிப் பக்கத்து மலைகளில் சாம்பிராணி மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பார்கள். அது இறுகி நறுமணப் பொருளாகும். காயப்பட்டால் மணம் தருவது மரத்தின் குணம். பிள்ளைகள் மரங்கள் அல்ல.

மூன்றாம் கல், மதிப்பு. பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்டார். மூன்று நாள் தேடிய பிறகு கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள். அன்னை மரியா என்ன செய்தார்? தாம் பட்ட வேதனையை மறைக்காமல் சொன்னார்; ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்; கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். வந்த பதில் புரியவில்லை. இருந்தும் அதைத் தூக்கி எறியாமல் உள்ளத்தில் வைத்துக்கொண்டார். மகனும் வீடு திரும்பிப் பணிந்து நடந்தார். நாம் பிள்ளைகளிடம் "ஏன்?" என்று கேட்கிறோம். பதில் சொல்ல வாய் திறந்தால், "எதிர்த்துப் பேசாதே" என்கிறோம். பதிலுக்கு இடமில்லாத கேள்வி, கேள்வியாகாது, அன்பர்களே, அது தீர்ப்பு.

அந்தக் கருவாட்டுத் தாயின் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்தத் தூக்கமில்லாத இரவுக்குப் பிறகு, அவர் ஒரு வாக்கியத்தை நிறுத்தினார். "என்னைப் போல ஆகிவிடாதே" என்ற வாக்கியத்தை. வேறொன்றைச் செய்தார். பள்ளி விடுமுறை நாளில் மகளைத் தம்மோடு மொத்தச் சந்தைக்கு அழைத்துப் போனார். தண்டனையாக இல்லை, கணக்குக்கு ஆள் வேண்டும் என்று கேட்டு அழைத்துப் போனார். எந்தக் கருவாட்டில் ஈரம் மறைந்திருக்கிறது, விலை ஏறும்போது எவ்வளவு வாங்கலாம், யாருக்குக் கடன் தரலாம், யாருக்குத் தரக் கூடாது என்றெல்லாம் தாய் மனத்தாலேயே கணக்குப் போடுவதை மகள் முதல்முறை பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற தன் தாய், கால்குலேட்டரைத் தட்டுகிற தன்னைவிட வேகமாக வட்டிக்கணக்குச் சொல்வதைப் பார்த்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் கேட்டாளாம், "அம்மா, இதையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" அந்தக் கேள்வியைச் சொல்லும்போது அந்தத் தாயின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் நான் பார்த்ததில்லை.

"இப்போது மகள் முற்றிலும் மாறிவிட்டாளா?" என்று நான் கேட்டேன். தாய் சிரித்தார். "பள்ளிக்கூடத் தோழிகள் இந்தப் பக்கம் வந்தால் இன்னும் மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொள்கிறாள், சாமி. ஆனால் போன தடவை மதிப்பெண் அட்டை வாங்க என்னைத்தான் கூட்டிப்போனாள். நான் இரண்டு தரம் குளித்தேன். பள்ளி வாசலில் அவளே என் கையைப் பிடித்தாள்."

காயம் ஒரே நாளில் ஆறுவதில்லை. ஆறத் தொடங்கியதற்கு அந்தக் கைப்பிடியே அடையாளம்.

நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அங்கே போற்றப்படும் பெண் யார்? பொழுது விடியும் முன்பே எழுகிறவர். நூல் நூற்கிறவர். துணி நெய்து வணிகரிடம் விற்கிறவர். தம் வியாபாரம் நன்றாக நடப்பதை அறிந்தவர். அவருடைய பிள்ளைகள் எழுந்து நின்று, தாயைப் பேறுபெற்றவர் என்று வாழ்த்துகிறார்கள். சந்தைக்குச் சரக்கு அனுப்பிய பெண்ணைத்தான் விவிலியம் இப்படிப் போற்றுகிறது! தோபா ஏரிக் கரையில் உலோஸ் என்ற துணியை நெய்து சந்தைக்கு அனுப்பும் தாய்மாரை நினைக்கும்போதெல்லாம் இந்த அதிகாரம் என் நினைவுக்கு வரும். அந்த உலோஸைத்தான் பத்தாக் பெரியவர்கள் திருமணத்திலும் பிற சடங்குகளிலும் இளையவர்களின் தோளில் போர்த்தி ஆசி வழங்குகிறார்கள்.

ஆகவே, இந்த வாரத்துக்கு மூன்று சிறு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் தொழிலைப் பற்றிப் பிள்ளைகள் முன் இழிவாகப் பேசாதீர்கள். கடையோ, கூடையோ, வண்டியோ, வயலோ, அதன் கஷ்டத்தைச் சொல்லுங்கள், திறமையையும் சொல்லுங்கள். பிள்ளை வேறு வேலைக்குப் போகட்டும். உங்கள் வேலையை வெறுத்துக்கொண்டு போக வேண்டாம்.

இரண்டாவது, "உனக்காகத்தான் இத்தனை பாடும்" என்ற சொல்லைக் கடன் சீட்டுபோல நீட்டாதீர்கள். அன்பு வட்டிக்கு விடுகிற பணமில்லை. பிள்ளை அதைத் திருப்பித் தர முடியாமல் ஒன்று ஒளிந்துகொள்ளும், இல்லை வெறுக்கும்.

மூன்றாவது, பத்தாக் நாட்டுச் சந்தைகளில் பழைய காலத்து ஒழுங்கு ஒன்று இருந்தது. ஊருக்கு ஊர் பகை இருந்த நாள்களிலும், சந்தை கூடும் நாளில் சந்தை எல்லைக்குள் யாரும் ஆயுதம் எடுக்கக் கூடாது. அது அமைதியின் இடம். வேலை முடிந்து நீங்கள் வீட்டுக்குள் நுழைகிற முதல் அரை மணி நேரத்தை அப்படி ஆக்குங்கள். அந்த அரை மணியில் மதிப்பெண் கேட்காதீர்கள், குறை சொல்லாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். சண்டை போட வேண்டுமானால் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளே, இளையோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நாசரேத்துக்காரர்கள் இயேசுவைத் தச்சர் என்றார்கள். இயேசு அதை மறுக்கவில்லை. மரியாவின் மகன் என்றார்கள். அதற்காக வெட்கப்படவுமில்லை. தம் ஊர் தமக்குப் போட்ட விலையை அவர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அடுத்த ஊர்களுக்குப் போய்ப் போதித்தார். உங்களைக் கேலி செய்கிறவர்கள் பேரம் பேசுகிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் விலையைக் குறைக்க வேண்டியதில்லை. உங்கள் விலை ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. கல்வாரியில் கொடுக்கப்பட்டது. அதைக் குறைக்க எந்தச் சந்தைக்கும் உரிமை இல்லை.

செபிப்போமாக. தச்சரின் வீட்டில் வளர்ந்த ஆண்டவரே, விடியும் முன்பே எழுந்து உழைக்கும் எல்லாத் தாய் தந்தையரையும் ஆசீர்வதியும். அவர்கள் கைகளில் ஒட்டியிருக்கும் மண்ணையும் மீன் வாசத்தையும் நீர் அறிவீர். அவர்கள் பிள்ளைகள் அந்தக் கைகளை வெட்கமின்றிப் பற்றிக்கொள்ள அருள்தாரும். சொல்லால் பிள்ளைகளைக் காயப்படுத்திய எங்களை மன்னியும். சொல்லாலேயே அவர்களைத் தேற்றவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.